நூற்றிருபது வரி வசனம்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஐயா. எனக்குக் கணினி விளையாட்டு விளையாடத் தெரியாது. அந்த எலியைப் பிடித்தால் என் கை ஒரு பக்கம் போகும், திரையில் அம்பு வேறு பக்கம் போகும். நான் எழுதியதெல்லாம் காகிதத்தில், நீல மைப் பேனாவால். அதைக் கணினியில் தட்டியவர்கள் செரம்பான் கடை மாடியில் வேலை பார்த்த இரண்டு பெண்கள். காலையில் உங்கள் ஆள் ஒருவர் என்னைக் காட்டி, "இவனா கேம் செஞ்சவன்?" என்று கேட்டார். நான் கேம் செய்யவில்லை. அதில் வருகிறவர்கள் பேசுவதை எழுதினேன். வாக்குமூலத்தில் அதைச் சரியாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

பெயர் திருநாவுக்கரசு. வயது நாற்பத்தொன்று. மம்பாவைத் தாண்டி இருக்கும் எங்கள் ரப்பர் தோட்டத்து ஆபீசில் பத்தொன்பது வருடம் கிராணியாக எழுத்து வேலை பார்த்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தபால் வந்தால் பிரித்துக் கொடுப்பது, டெலிபோன் எடுப்பது, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கடுதாசி வாசிப்பது, பதில் எழுதுவது, எல்லாம் நான்தான். மற்ற நேரத்தில் வானொலிக்கு நாடகம் எழுதி அனுப்புவேன். அனுப்பியது பொத்தென்று திரும்பி வந்து விழும். ஒருமுறை மட்டும் யாரோ ஒரு குறிப்பு எழுதியிருந்தார்கள்: உங்கள் பாத்திரங்கள் எல்லாரும் உங்களைப் போலவே பேசுகிறார்கள். அந்தக் காகிதத்தைப் பதினோரு வருடம் வைத்திருந்தேன்.

போன வருடம், தொண்ணூற்றேழு ஜனவரியில், தோட்டத்தை வீடு கட்டுகிற கம்பெனிக்கு விற்கப்போகிறார்கள் என்று உறுதியாகிவிட்டது. முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுவது ஆபீஸ் ஆட்கள்தான் என்று மேனேஜரே சொன்னார். செனாவாங் ஃபேக்டரிகளில் ஏறி இறங்கினேன். வயதைக் கேட்டார்கள், பிறகு என் கண்ணாடியைப் பார்த்தார்கள். நீலாய்ப் பக்கமும் போனேன். ஐயா, அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்காது. பயம் என்று சொன்னால் சின்ன வார்த்தையாகத் தெரிகிறது, ஆனால் பயம்தான். அப்போதுதான் நாகநாதன் தமிழில் வசனம் எழுத ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டேன்.

நாகநாதன் செரம்பானில் மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் செட்டியார் வீட்டுப் பிள்ளை. வெளிநாட்டில் கணினி படித்துவிட்டு வந்து, தாத்தா கடையின் மாடியில் ஐந்து மெஷின் போட்டுத் தமிழில் ஒரு விளையாட்டுச் செய்துகொண்டிருந்தார். கதை எளிது. பத்து வருடம் கழித்து ஒரு பெண் தன் தோட்டத்துக்குத் திரும்புகிறாள். வீட்டுக் கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே தாய். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் முகம் மட்டும் தெரியும். தாய் ஒரு வரி பேசுவாள். மகள் என்ன பதில் சொல்லலாம் என்று கீழே மூன்று வரி வரும். விளையாடுகிறவர் அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், அதற்கேற்ப தாய் அடுத்த வரியைப் பேசுவாள். சரியாகப் பிடித்துக்கொண்டே போனால் கதவு திறக்கும். தவறினால் ஜன்னலும் மூடிவிடும். மொத்தம் நூற்றிருபது வரி தேவை.

நான் முதலில் எழுதிக் கொடுத்த நாற்பது வரியையும் அவர் நின்றபடியே வாசித்தார்.

"அண்ணே, இந்தம்மா பேசல, மேடையில ஒப்பிக்குது லா," என்றார். "பெத்த மகள ஜன்னல்ல பார்த்தா 'வந்தாயா மகளே'ன்னா கேப்பாங்க? ரெண்டு கிளிக்குல பேச்சு முடிஞ்சிருச்சுன்னா எல்லாரும் மெஷின மூடிட்டுப் போயிருவாங்க. பேச்சு முடியக்கூடாது, அதான் முக்கியம். தீபாவளிக்குள்ள சரியா வரலன்னா நான் வேற ஆளப் பார்க்கணும். தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. பஸ்ஸில் வரும்போது யோசித்துப் பார்த்தேன், அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது.

தாயம்மாவை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். பால்மரம் வெட்டுகிறவர், புருஷன் இல்லை, ஒரே மகள், பெயர் பஞ்சாலை. அந்தப் பெண் செனாவாங்கில் ஷிப்டு வேலைக்குப் போன இடத்தில் சந்திரன் என்ற லாரி டிரைவரோடு பழகி, வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் ரெஜிஸ்தர் செய்துகொண்டு ஜொகூர் பாருவுக்குப் போய்விட்டாள். தாயம்மாவுக்கு மாப்பிள்ளை மேல்கூட அவ்வளவு வருத்தமில்லை. சொல்லாமல் போனதுதான் வருத்தம். "அவ வாயால 'அம்மா வா'ன்னு ஒரு தடவ கூப்பிடட்டும், அன்னைக்கே பஸ் ஏறுறேன். கூப்பிடாம நான் அந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்," என்று என்னிடம் சொல்லியிருந்தார்.

மகளுக்கும் ஒரு பிடிவாதம் உண்டு. எங்கள் சனத்தில் தலைப்பிள்ளை தாய்வீட்டில்தான் பிறக்க வேண்டும். ஏழாவது மாதம் தாய் வந்து வளையல் போட்டுக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். வயிற்றைத் தள்ளிக்கொண்டு மகள் தானாகப் போய் நின்றால் கேவலம். ஆக, தாய் கூப்பிடச் சொல்லிக் காத்திருந்தார், மகள் கூட்டிப்போக வரச்சொல்லிக் காத்திருந்தாள். நடுவில் போக வர ஒரே வழி நான்.

தோட்டத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்களே என்று கேட்டீர்கள். உண்மை. ஆனால் மகள் ஓடிப்போன கதை தொழிலாளர் லயத்து வாய்களில் புரளக்கூடாது என்று தாயம்மா நினைத்தார். "நீங்கதான் வெளிய சொல்லமாட்டீங்க, கிராணியாரே," என்பார். நான் வெளியே சொல்லவும் இல்லை.

முதல் கடுதாசி பிப்ரவரியில் வந்தது. 'அம்மா, நல்லாருக்கியா? எனக்கு மூணு மாசம். வேற ஒன்னும் இல்ல.' அதை அப்படியே வாசித்தேன், ஐயா. ஒரு எழுத்து மாற்றவில்லை. தாயம்மா நெத்திலித் தலையைக் கிள்ளிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "மூணு மாசமாம். மாசம் எண்ணத் தெரியுது. கட்டிக்கப் போறப்ப எங்கிட்ட வந்து சொல்லத் தெரியல." கொஞ்ச நேரம் கழித்து, "புளி கேக்குதாமா அவளுக்கு? எழுதியிருக்காளா? இல்லயா? சரி, எனக்கென்ன," என்றார்.

நான் வீட்டுக்குப் போய் அதை எழுதினேன். ஜன்னலுக்குப் பின்னால் நிற்கிற தாய் 'சரி, எனக்கென்ன' என்று சொல்வதாக வைத்தேன். நாகநாதன் வாசித்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்தார். "அண்ணே, இதான். இதான் வேணும்," என்றார். என் வாழ்நாளில் நான் எழுதியதைப் படித்து ஒரு மனிதர் எழுந்து நின்றது அன்றைக்குத்தான். அந்தச் சந்தோஷத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது? பசித்தவனுக்கு முதல் கவளம் மாதிரி இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாயம்மா அதே கடுதாசியை மறுபடி வாசிக்கச் சொன்னார். தோட்டத்தில் அது வழக்கம், ஒரு கடுதாசியை நாலு தடவை கேட்பார்கள். நான் வாசிக்கும்போது 'உன்ன நெனச்சு அழுதேன்' என்று ஒரு வரி சேர்த்தேன். அவர் சொன்ன பதிலே வேறாக இருந்தது. அதற்கடுத்த வாரம் அழுகையை எடுத்துவிட்டு, கொஞ்சம் வீம்பாக வாசித்தேன். அதற்கு மூன்றாவது மாதிரி பதில் வந்தது.

"போன வாரம் இப்பிடி இல்லயே, கிராணியாரே," என்றார்.

"போன வாரம் கண்ணாடி போடல, தாயம்மாக்கா. சரியா வாசிக்கல," என்றேன்.

அவர் நம்பினார். ஒரு வரிக்கு மூன்று பதில். எனக்கு வேண்டியிருந்தது அதுதான். யாருக்கும் எந்தச் சேதமும் இல்லாமல்தான் அதுவரை நடந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தாயம்மா பதில் எழுதச் சொல்வார். "உடம்பப் பார்த்துக்கச் சொல்லுங்க. பாரம் தூக்க வேணாம்னு சொல்லுங்க." நான் கொஞ்சம் வேறு மாதிரி எழுதுவேன். விளையாட்டில் மகள் பேசவும் வரி வேண்டுமல்லவா? தாய் இதமாகப் பேசினால் மகளும் இதமாகப் பேசி நிறுத்திவிடுவாள். தாய் குத்திப் பேசினால் மகள் கெஞ்சுவாள், கோபிப்பாள், மறுபடி கெஞ்சுவாள். பஞ்சாலைக்கு நல்ல எழுத்துக் கை. மார்ச்சிலும் ஏப்ரலிலுமாக நீளமாக எழுதினாள். ஐம்பத்தொரு வரி சேர்ந்துவிட்டது.

மே மாதம் அந்தக் கடுதாசி வந்தது. உங்கள் மேசையில் இருக்கிறது, மேலிருந்து ஏழாவது. 'அம்மா, அடுத்த மாசம் ஏழாவது. வந்து என்னக் கூட்டிக்கிட்டுப் போம்மா. வளையல் போட எனக்கு வேற யாரு இருக்கா?'

இரண்டு நாள் அதை ஆபீஸ் அலமாரியில் வைத்திருந்தேன். அவசரப்பட்டு எதையும் செய்யவில்லை. நிதானமாக யோசித்தேன். இதை வாசித்தால் தாயம்மா மறுநாள் காலையிலேயே பஸ்ஸில் இருப்பார். பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். பக்கத்தில் வைத்துச் சோறு போடுவார். பிறகு கடுதாசி எதற்கு? பேச்சு முடிந்துவிடும். எனக்கு இன்னும் அறுபத்தொன்பது வரி பாக்கி. தீபாவளிக்கு ஐந்து மாதம்தான் இருந்தது. தோட்டத்தில் என் வேலை அதுவரை நிற்குமா என்று தெரியவில்லை. நாற்பத்தொரு வயது ஆளுக்கு இன்னொரு கதவு திறக்காது, ஐயா. நீங்கள் அரசாங்க வேலையில் இருக்கிறீர்கள், உங்களுக்கு அது தெரிய வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வாசித்தேன்: 'அம்மா, எனக்கு இங்க எல்லாரும் இருக்காங்க. நீ ஒன்னும் சிரமப்பட வேணாம்.'

தாயம்மா எழுந்து உள்ளே போய், ஒரு மைலோ டின்னை எடுத்துவந்தார். செரம்பான் பசாரில் வாங்கிய பச்சைக் கண்ணாடி வளையல், டின் நிறைய. "அப்ப இத என்னா செய்ய?" என்று என்னைக் கேட்டார். அன்றைக்கு மட்டும் அவர் பேசியதில் பதினோரு வரி தேறியது.

மகளுக்குத் தாயின் பெயரில் எழுதினேன்: 'சொல்லாமப் போனவளுக்கு வளையல் எதுக்கு? நான் வரமாட்டேன்.' அதற்கு அவள் எழுதிய பதில்களைத்தான் விளையாட்டில் மகளின் வரிகளாக வைத்தோம். தட்டச்சு செய்த பெண் ஒருத்தி அழுதுவிட்டாள் என்று நாகநாதன் சொன்னார்.

ஜூலையில் பஞ்சாலை ஆபீசுக்கு டெலிபோன் செய்தாள். மேனேஜர் இல்லை. நான்தான் எடுத்தேன்.

"கிராணி ஐயா, அம்மாவக் கொஞ்சம் கூப்பிடுறீங்களா? கால் ரெண்டும் வீங்கிக் கெடக்கு. கண்ணு அப்பப்ப மங்குது. அவரு லாரி எடுத்துக்கிட்டு எல்லை தாண்டி ஹட்யாய் போயிட்டாரு. எனக்குப் பயமா இருக்குங்க."

தாயம்மா அப்போது ஆபீஸ் எதிரில், ரப்பர்ப் பால் நிறுக்கிற இடத்தில் நின்றுகொண்டிருந்தார். ஜன்னல் வழியாகத் தெரிந்தார். கூப்பிட்டால் கேட்கும் தூரம்.

"சொல்லிப் பார்த்தேன்மா," என்றேன். "வரமாட்டேன்னுட்டாங்க."

அந்தப் பக்கம் அவள் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. காசு விழுகிற சத்தம் கேட்டது, பிறகு லைன் போய்விட்டது. அவள் பேசாமல் இருந்த நேரத்தையும் நான் விளையாட்டில் ஒரு இடத்தில் வைத்தேன். தாய் பேசியதும் திரையில் மூன்று பதில் வராமல் சும்மா இருக்கும். விளையாடியவர்கள் அந்த இடத்தைப் பற்றித்தான் அதிகம் பேசினார்களாம்.

அவளை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாயா என்று கேட்டீர்கள். இல்லை. அது எனக்கு அப்போது தோன்றவில்லை. வசனத்தில் இருந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு கடுதாசி வந்தது. அதுதான் கடைசி. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ஆகஸ்டில் சந்திரனே டெலிபோன் செய்தார். குரல் கட்டிப்போயிருந்தது. வாடகை அறையில் தனியாக இருந்தபோது பஞ்சாலைக்கு வலிப்பு வந்திருக்கிறது. பக்கத்து அறையில் இருந்த சீனப் பெண்மணி சத்தம் கேட்டுக் கதவை இடித்துத் திறந்து, டாக்சி பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார். பெண் குழந்தையை உயிரோடு எடுத்துவிட்டார்கள். தாயைக் காப்பாற்ற முடியவில்லை. "அவங்கம்மாகிட்டச் சொல்லிருங்க," என்றார். "வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். நாளைக்கு எடுக்குறோம்."

டெலிபோனை வைத்துவிட்டு நான் உட்கார்ந்திருந்தேன். அழுதேன். இதை யாரும் பார்க்கவில்லை, ஆகவே நீங்கள் நம்ப வேண்டியதில்லை. அதன் பிறகு எழுந்து, மருந்தடிப்பு பற்றி வந்த ஒரு சுற்றறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு தாயம்மா வீட்டுக்குப் போனேன். அதைப் பிரித்து வைத்து வாசித்தேன்: 'அம்மா, பொம்பளப் பிள்ள பொறந்திருக்கு. ரெண்டு பேரும் நல்லா இருக்கோம்.'

ஏன் என்று கேட்காதீர்கள். கேட்கத்தான் வேண்டுமென்றால் சொல்கிறேன். மகள் செத்தாள் என்று கேட்ட தாய் என்ன பேசுவார் என்று எனக்குத் தெரியும். எல்லாத் தாயும் ஒரே மாதிரிதான் ஒப்பாரி வைப்பார்கள், அதில் எழுத ஒன்றுமில்லை. கதவு திறக்கிற இடத்துக்கு வரி இல்லாமல் நான் இரண்டு வாரமாகத் தவித்துக்கொண்டிருந்தேன். சந்தோஷம் வந்தால் தாயம்மா எப்படிப் பேசுவார் என்று நான் அதுவரை கேட்டதே இல்லை.

அவர் லயம் முழுக்கச் சீனி கொடுத்தார். எதற்கு என்று சொல்லாமலே கொடுத்தார். என் கையிலும் ஒரு பிடி வைத்து, "யாரு மாதிரி இருக்காம்? மூக்கு எப்பிடியாம்? அடுத்த கடுதாசில கேட்டு எழுதுங்க. கோவமெல்லாம் போச்சுன்னு எழுதுங்க. வாசல்ல வந்து நின்னாப் போதும்னு எழுதுங்க," என்றார். நின்றபடியே மனப்பாடம் செய்துகொண்டேன். மறுநாள் ஜொகூர் பாருவில் பஞ்சாலையை எடுத்த நேரத்தில் நான் கதவு திறக்கிற கட்டத்தை எழுதி முடித்தேன்.

விளையாட்டு தீபாவளிக்கு வந்தது. நாகநாதன் என்னை நிரந்தரமாக எடுத்துக்கொண்டார். வேலை கிடைத்துவிட்டது, இனி நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நான் தோட்டத்துக்கு வரும்போதெல்லாம் தாயம்மா வந்து நின்றார். பிள்ளை குப்புற விழுந்துவிட்டதா என்று கேட்டார். நான் விழவைத்தேன். சிரிக்கவைத்தேன். அந்த நாலு மாதமும் அவர் சந்தோஷமாக இருந்தார் என்பதற்கு லயமே சாட்சி.

டிசம்பரில் சந்திரன் வந்துவிட்டார். லாரி ஓட்டிக்கொண்டு கைக்குழந்தையை வளர்க்க முடியவில்லை, பெரியம்மாவோ கிழவியோ அவருக்கு யாருமில்லை. கோபத்தை விழுங்கிக்கொண்டு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் அன்றைக்குச் சாமான் எடுக்கத் தோட்டத்துக்குப் போயிருந்தேன், பார்த்தேன். தாயம்மா ஓடிவந்து குழந்தையை வாங்கி, முகத்தோடு முகம் வைத்துவிட்டு, சந்திரனுக்குப் பின்னால் ரோட்டை எட்டிப் பார்த்தார்.

"அவ எங்க, பின்னால வர்றாளா?" என்று கேட்டார்.

சந்திரனுக்குப் புரியவில்லை. தாயம்மா தன்னைக் கேலி செய்கிறார் என்று நினைத்திருக்க வேண்டும். "எத்தன கடுதாசி போட்டா! வந்து கூட்டிக்கிட்டுப் போன்னு எத்தன தடவ கெஞ்சினா! ஒரு தடவ வந்தீங்களா? இப்ப எங்கன்னு கேக்குறீங்களே, அவ செத்து நாலு மாசமாச்சு," என்று கத்தினார்.

தாயம்மா என்னைத் திட்டவில்லை. அடிக்கவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "அந்தக் கடுதாசியெல்லாம் எடுத்துக்கிட்டு வாங்க," என்றார். எடுத்து வந்தேன். "உள்ளது உள்ளபடி வாசிங்க."

வாசித்தேன். கடைசிக் கடுதாசி வரும்வரை எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. மே மாதக் கடுதாசி வந்தபோது அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். சந்திரன் மலாய்ப் பள்ளியில் படித்தவர், தமிழ் வாசிக்க வராது. சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆம், ஐயா. அந்தப் பெண் கூப்பிட்டாள். தாயின் காதில் விழாமல் செய்தது நான். அவள் அறையில் தனியாகக் கிடந்தது என்னால். செத்தவள் உயிரோடு இருக்கிறாள் என்று வாசித்ததும், அந்தத் தாய் மகளின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவிடாமல் செய்ததும் நான்தான். இதில் நாகநாதனுக்கு எந்தப் பங்கும் இல்லை. அவருக்கு எதுவும் தெரியாது. கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் நான் செய்த ஒரு நல்ல காரியத்தையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். கடைசிக் கடுதாசி உங்களிடம் இருக்கிறது. அதில் ஒரே வரிதான்: 'நீ எனக்குத் தாயே இல்ல, இனிமே நான் எழுதமாட்டேன்.' அன்றைக்கு அவர் உள்ளபடி வாசிக்கச் சொல்லியும், அதை மட்டும் நான் அப்படியே வாசிக்கவில்லை. எப்படி வாசிப்பேன்? நானும் மனிதன்தானே. 'நீ வராட்டியும் பரவால்லம்மா, எனக்கு உம்மேல கோவம் இல்ல' என்று வாசித்தேன்.

அதைக் கேட்டதும் தாயம்மா மகளிடமே பேசுவதுபோல ஒரு பதில் சொன்னார். ஒரே ஒரு வரி. பத்தொன்பது வருடத்தில் அப்படி ஒரு வரியை நான் கேட்டதில்லை. சொல்லிவிட்டு எழுந்து குழந்தையோடு உள்ளே போனவர், அதற்குப் பிறகு இன்றுவரை யாரிடமும் பேசவில்லை என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

அது என்ன வரி என்று மட்டும் கேட்காதீர்கள், ஐயா. மற்ற எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். அதை நான் இன்னும் எதிலும் உபயோகிக்கவில்லை.